ஆடாத தண்ணீர்

நவம்பர் 4, திங்கள்

மனநல டாக்டர் எழுதச் சொல்லியிருக்கிறார். பயம் வந்தால் எங்கே இருந்தீர்கள், என்ன நடந்தது, உடம்பு என்ன செய்தது, அதை மட்டும் எழுதுங்கள், யாருக்கும் காட்டவேண்டாம் என்றார். நோட்டை மனைவி வசந்தாமணி வாங்கி வந்தாள். அட்டையில் மயில் படம்.

பெயர் நாச்சிமுத்து. வயது 52. வீடு போத்தனூர். டவுன்ஹால் பக்கம் ஒரு பைப் ஃபிட்டிங் கடையில் விற்பனைக்கு நிற்கிறேன். அதற்குமுன் பெருந்துறைப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் பாய்லர் ஆபரேட்டர். பதினெட்டு வருடம்.

இன்று காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. அடுத்து நினைவிருப்பது, வாயில் நுரையோடு தெருவில் நிற்கிறேன். எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. எதிர்வீட்டுக்காரர், "என்னாச்சுங்க?" என்றார். பால்காரரைப் பார்க்க வந்ததாகச் சொன்னேன்.

எங்கள் வீட்டில் குக்கரைப் பரணில் போட்டுப் பதினான்கு மாதம் ஆகிறது.

நவம்பர் 7, வியாழன்

கடைக்கு ஒரு பல் டாக்டர் அம்மா வந்தார். சுபத்ரா என்று பெயர். விரலளவு பித்தளைத் துண்டு ஒன்றைக் காட்டி, இதே மாதிரி, இதைவிடச் சின்னதாக வேண்டும் என்றார். பார்த்ததும் தெரிந்துவிட்டது. தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக்குக் கீழே பொருத்துகிற திருகுகுழாய். பாய்லரில் இருப்பது. ஆனால் இது வெறும் விரலளவு.

"இது எதுக்குங்க இவ்வளவு சின்னதா?"

"ரயிலுக்கு. எங்க சங்கத்துல ஒருத்தர் நீராவி எஞ்சின் பண்ணிருக்கார். நான் பண்றது பொம்மை ரயில், கரண்டுல ஓடுறது. ஞாயித்துக்கிழமை எங்க வீட்டு மாடிக்கு வாங்களேன். போத்தனூர்தானே நீங்க?"

நீராவி என்றதும் கல்லாப்பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். கரண்டு என்றபிறகுதான் விட்டேன்.

நவம்பர் 10, ஞாயிறு

போனேன். வசந்தாமணி தள்ளிவிட்டாள் என்றே சொல்லவேண்டும். "வூட்ல உக்காந்து சுவத்தப் பாக்கறதுக்குப் போயிட்டு வாங்க."

மாடி முழுக்க மேசை. மேசை முழுக்க ஊர். ரயில் ஒவ்வொன்றும் முழங்கை நீளம்கூட இல்லை. ஸ்டேஷன், சிக்னல், புளியமரம், ரேஷன் கடை வரிசை. பல் அடைக்கிற சிமெண்டில் மலை செய்திருக்கிறார் டாக்டர். பல்லைத் துளைக்கிற மிஷினில் ஜன்னல் வெட்டுகிறார். பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். வங்கி மேனேஜர், தையல்காரர், கல்லூரிப் பையன்கள் இரண்டுபேர். யாரும் யாரையும் பெரிதாக விசாரிக்கவில்லை. எனக்கு ஒரு வயர் கட்டைக் கொடுத்துப் பிரிக்கச் சொன்னார்கள். இரண்டு மணிநேரம் பிரித்தேன்.

என்ன வேலை என்று ஒருவர் கேட்டார். கடையில் என்றேன். பொய் இல்லை.

இரண்டு மணிநேரமும் பயம் இல்லை. எழுதும்போதுதான் தெரிகிறது.

நவம்பர் 17, ஞாயிறு

இன்று ஒரு சிக்னல் விளக்கு எரியவைத்தேன். கைதட்டினார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

நீராவி எஞ்சின் செய்தவரும் வந்திருந்தார். வெள்ளிங்கிரி. பம்புசெட் பட்டறை வைத்திருக்கிறார், அறுபது வயது இருக்கும், பெரிய குரல். கிணத்துக்கடவுப் பக்கம் அவர் தென்னந்தோப்பில் முந்நூறு மீட்டர் தண்டவாளம் போட்டிருக்கிறாராம். எஞ்சின் முட்டி உயரம். ஆனால் உள்ளே நிஜ நெருப்பு, நிஜ நீராவி, ஏழெட்டுப் பேரை இழுக்கும். ஆறு வருடம் எடுத்தாராம். போனில் படம் காட்டினார். போனைத் திருப்பிக் கொடுக்கும்போது என் வேர்வை அதில் ஒட்டியிருந்தது. அவர் வேட்டியில் துடைத்துக்கொண்டு, "அடுத்த வாரம் தோப்புக்கு வந்துருங்க. கறிச்சோறு போடறேன்" என்றார்.

நவம்பர் 24, ஞாயிறு

தோப்புக்குப் போகவில்லை. தலைவலி.

நவம்பர் 25, திங்கள்

நேற்று தலைவலி இல்லை. இந்த நோட்டிலுமா அப்படி எழுதவேண்டும்.

டிசம்பர் 1, ஞாயிறு

போனேன்.

எஞ்சின் குளிர்ந்து கிடந்தபோது தொட்டுப் பார்த்தேன். பச்சை வண்ணம். செம்புப் பாய்லர். பக்கவாட்டில் 'சிவகாமி' என்று எழுத்து. அவர் இறந்துபோன மனைவி பெயராம். ஒரு திருகாணிகூடக் கோணல் இல்லை. நல்ல கை. சொன்னேன். மனிதர் முகம் மலர்ந்துபோயிற்று.

பிறகு நெருப்பு வைத்தார்கள். நான் மோட்டார் அறைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். முதலில் கரி வாசம். அப்புறம் சூடான எண்ணெய் வாசம். அப்புறம் அந்தச் சத்தம், பாம்பு மாதிரி. தென்னைமரங்களை எண்ணினேன். பதினொன்று வரை எண்ணியதும் வாந்தி வந்துவிட்டது.

டாக்டர் சுபத்ரா வந்து பார்த்துவிட்டார். தண்ணீர் கொடுத்தார்.

"ஏன் நாச்சிமுத்து, உடம்பு சரியில்லன்னா சொல்லியிருக்கலாமே?"

"கறி ஒத்துக்கலீங்க."

கறி இன்னும் பரிமாறவே இல்லை. 

கிளம்புமுன் எஞ்சின் என் பக்கமாகப் போயிற்று. பார்க்கக்கூடாது என்று நினைத்தேன். கண் தானாகப் போய்விட்டது. பென்சில் தடிமன் கண்ணாடிக் குழாய், பாதி வரை தண்ணீர். தண்ணீர் துள்ளிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபிறகுதான் மூச்சு இறங்கியது. ஓடுகிற பாய்லரில் கண்ணாடித் தண்ணீர் நிற்காது. உள்ளே கொதிப்பது வெளியே தெரியும், நடுங்கிக்கொண்டே இருக்கும். அது உயிரோடு இருக்கிற தண்ணீர்.

டிசம்பர் 5, வியாழன்

காந்திபுரம் பஸ்ஸில் முன் சீட்டில் ஒருவன். கழுத்திலிருந்து காது வரை தோல் சுருங்கிப் பளபளவென்று இருந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். கடைக்கு நடந்தே போனேன். முகத்தைப் பார்க்கவில்லை. அவனாக இருக்காது. அவன் விஜயமங்கலத்தில் இருக்கிறான்.

டிசம்பர் 8, ஞாயிறு

மறுபடி தோப்பு. எதற்குப் போகிறேன் என்று எனக்கே புரியவில்லை. கை போகச் சொல்கிறது. எஞ்சின் ஆறினபிறகு நான்தான் எண்ணெய் விட்டுத் துடைத்தேன். வெள்ளிங்கிரி பக்கத்தில் உட்கார்ந்து இளநீர் சீவிக்கொண்டே பேசினார். பாய்லரை இரண்டு மடங்கு அழுத்தத்தில் பச்சைத் தண்ணீர் ஏற்றிச் சோதித்தபிறகுதான் நெருப்பே வைத்தாராம். சரியான முறை.

"கடைக்காரரே, உங்களுக்கு மிஷின் மேல ஆசை இருக்குதுங்க. கையப் பாத்தாலே தெரியுது."

"சும்மாங்க."

வீட்டில் வசந்தாமணி சொன்னாள், நான் குளிக்கும்போது ஏதோ முணுமுணுத்துப் பாடினேனாம்.

டிசம்பர் 15, ஞாயிறு

மழைத்தண்ணீர்த் தொட்டி காலி. வெள்ளிங்கிரி போர்வெல் தண்ணீரைப் பிடித்து எஞ்சினில் ஊற்றினார். நான் அந்தக் குழாயில் கை கழுவினேன். சோப்பு நுரைக்கவே இல்லை. உப்பு.

போர் தண்ணீர் பாய்லருக்கு ஆகாது. உள்ளே சுண்ணாம்பு மாதிரி படியும். பெரிய குழாயிலேயே படியும். கண்ணாடிக்குப் போகிற அந்த ஊசி ஓட்டைக்கு எத்தனை நாள்?

"மழைத்தண்ணி இல்லீங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

"எல்லாம் இதே போதுமுங்க, ஓடுதல்ல!" என்றார்.

இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் உனக்கு எப்படித் தெரியும் என்பார்கள்.

டிசம்பர் 22, ஞாயிறு

ஜனவரி 12ஆம் தேதி தோப்பில் பொதுமக்கள் நாள். பக்கத்து ஊராட்சிப் பள்ளியிலிருந்து நூற்றியிருபது பிள்ளைகள் வருகிறார்கள். ஒரு சுற்றுக்கு ஏழு பிள்ளைகள், எஞ்சினை ஒட்டிப் பின்னால். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

எஞ்சினிலிருந்து முதல் பிள்ளையின் முழங்கால் எத்தனை அடி? மூன்று அடி இருக்கும்.

டிசம்பர் 24, செவ்வாய்

மூன்று அடிகூட இருக்காது.

டிசம்பர் 29, ஞாயிறு

நோட்டு எழுதச் சொன்ன டாக்டர், பெருந்துறை பற்றி எழுதினீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். எழுதிப் பாருங்கள் என்றார்.

போன வருடம் செப்டம்பர். மூன்று டன் பாய்லர். காலை ஷிஃப்டில் நானும் ஆறுச்சாமியும். அவன் உதவியாள், முப்பத்திமூன்று வயது, விறகு தள்ளுவது அவன் வேலை. இரண்டாம் கிரேடு ஆபரேட்டர் பரீட்சைக்கு விண்ணப்பம் போட்டிருந்தான். சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் பாடம் கேட்பான்.

ஒன்பது மணிக்கு, "அண்ணா, தண்ணி சரியா இருக்குதுங்களா, நின்னாப்ல இருக்குது?" என்று கேட்டான். நான் எட்டிப் பார்த்தேன். பாதி இருந்தது. "இருக்குதுல்ல, அப்பறமென்ன?" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். டீக்கடை கேட்டுக்கு வெளியே. டம்ளரைக் கையில் வாங்கினபோது சத்தம் கேட்டது.

கண்ணாடியில் பாதி இருந்தது. உள்ளே இல்லை. கீழ்த்துளை அடைத்துப்போய்ப் பழைய தண்ணீர் கண்ணாடியிலேயே நின்றிருக்கிறது. நெருப்புக் குழாய் காய்ந்து, நசுங்கி, கிழிந்துவிட்டது. ஆறுச்சாமி கதவுக்கு நேராக நின்றிருந்தான். வலது கை, தோள், கழுத்து. ஒரு கண்ணில் பாதிப் பார்வை. உயிர் பிழைத்தான்.

கண்ணாடியின் அடிக்குழாயை இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை திறந்து, நீராவி பீறிட்டு அழுக்கைத் தள்ளும்படி ஊதிவிடவேண்டும். அப்போதுதான் துளை அடைக்காது. லாக் புக்கில் ஆறு மணிக்கு 'கண்ணாடி ஊதப்பட்டது, சரி' என்று இருக்கிறது. என் கையெழுத்து. எட்டு மணிக்கு ஆறுச்சாமியின் முறை. அந்தக் கட்டம் காலி. அதனால் அவன் கவனக்குறைவு என்று விசாரணையில் முடிவானது. அவன் வேலை போயிற்று. பரீட்சை விண்ணப்பமும் தள்ளுபடி.

லாக் புக்கில் அப்படித்தான் இருக்கிறது.

ஜனவரி 5, ஞாயிறு

ஒத்திகை ஓட்டம். நான்கு சுற்று. மூன்றாவது சுற்றில் எஞ்சின் என்னைக் கடந்தபோது பார்த்தேன். தண்ணீர் பாதியில் இருந்தது. ஆடவில்லை.

நான்காவது சுற்றில் குனிந்து பார்த்தேன். லேசாக அசைந்த மாதிரி இருந்தது. எஞ்சின் குலுங்கியதில் அசைந்திருக்கலாம். என் கண் நடுங்கியிருக்கலாம்.

நெருப்பை அணைத்துவிட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. எல்லோரும் பொரி சாப்பிட்டார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஜனவரி 8, புதன்

வெள்ளிங்கிரிக்குப் போன் செய்தேன். மூன்று தடவை நம்பரை அழுத்திவிட்டு வெட்டினேன். நான்காவது தடவை வெட்டுமுன் அவர் எடுத்துவிட்டார்.

"கண்ணாடிக் குழாயோட கீழ்த்துளை அடைச்சிருக்குமோன்னு சந்தேகமா இருக்குதுங்க. போர் தண்ணில உப்புப் படியும். கழட்டிச் சுத்தம் பண்ணீட்டா நல்லது."

"யாரு சொன்னா?"

"எங்கியோ படிச்சனுங்க."

சிரித்தார். கோபச் சிரிப்பு இல்லை. "கடைக்காரரே, அத ஒருக்காக் கழட்டுனா வாஷரெல்லாம் புதுசு போடோணும். ஆறு வருசம் கட்டுன எனக்குத் தெரியாதுங்களா? கண்ணாடில பாதித் தண்ணி நிக்குது. அப்பறமென்னங்க?"

அப்புறமென்ன. அதே வார்த்தை. போனை வைத்தபிறகு கடைப் பின்னறையில் பைப் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டேன். முதலாளி, "சர்க்கரை இருக்குதா, செக் பண்ணுனீங்களா?" என்றார்.

ஜனவரி 11, சனி

நாளைக்குப் போகப்போவதில்லை. சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டேன். அவர் கேட்கவில்லை. என் மேல் ஒன்றும் இல்லை.

"நாளைக்குத் தோப்புக்குப் போலீங்களா? சட்டை தேச்சு வெச்சிருக்கறேன்" என்றாள் வசந்தாமணி.

தலைவலி என்று சொல்ல வாயெடுத்தேன். "போறேன்" என்று வந்தது.

ஜனவரி 12, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதவேண்டும்.

ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தேன். பிள்ளைகள் நீலச்சீருடையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வாத்தியார், டீச்சர்கள், ஊர்க்காரர்கள், ஒரு ஐஸ் வண்டி. வெள்ளிங்கிரி வெள்ளை வேட்டி கட்டித் தொப்பி போட்டிருந்தார். என்னை டிக்கெட் கிழிக்க நிறுத்தினார்கள். விளையாட்டு டிக்கெட், காசு இல்லை.

முதல் இரண்டு சுற்றும் கண்ணாடியைப் பார்க்க முடியவில்லை, கூட்டம். மூன்றாவது சுற்றுக்கு எஞ்சின் என் எதிரில் வந்து நின்றது. பாதித் தண்ணீர். கீழே கனல் தகதகவென்று எரிகிறது, மேலே வால்வு உஸ்ஸென்கிறது. கண்ணாடியில் தண்ணீர் படம் வரைந்தது மாதிரி நின்றது. ஒரு நூல் அசைவுகூட இல்லை.

பாய்லருக்குள் தண்ணீர் ஏற்றுகிற கைப்பம்பை வெள்ளிங்கிரி தொடவே இல்லை. தண்ணீர்தான் பாதி நிற்கிறதே, எதற்கு அடிக்கவேண்டும் என்று நினைத்திருப்பார். அப்படியானால் காலையிலிருந்து உள்ளே இருந்த தண்ணீர் எவ்வளவு வற்றியிருக்கும்?

ஏழு பிள்ளைகள் ஏறினார்கள். முதலில் உட்கார்ந்தது ஒரு பெண்பிள்ளை, ரெட்டை ஜடை. வண்டி கிளம்பிவிட்டது.

"நிறுத்துங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. தோப்பைக் குறுக்காக வெட்டி ஓடினேன். ஓடும்போது வேட்டி தடுக்கி ஒருமுறை விழுந்தேன். வளைவுக்கு முன்னால் போய்த் தண்டவாளத்தின் மேல் நின்றுகொண்டேன். கால் அங்கே நிற்க மறுத்தது. இரண்டு தடவை தானாக விலகியது, இரண்டு தடவையும் திரும்பக் கொண்டுபோய் வைத்தேன். எஞ்சின் என் நெஞ்சுக்கு நேராக வருவது போலத்தான் இருந்தது. அது முட்டி உயரம் என்று அப்போது தோன்றவில்லை.

நான்கு அடி தள்ளி நின்றது.

"ஏனுங்க, பைத்தியமா புடிச்சிருக்குது? கொழந்தைக உக்காந்திருக்குது!"

"எறக்குங்க. எல்லாத்தையும் எறக்கித் தூரமாக் கூட்டீட்டுப் போங்க."

"நவுருங்க மொதல்ல!"

"தண்ணி ஆடல. கண்ணாடி பொய் சொல்லுது. உள்ள தண்ணி இல்லீங்க."

அவர் முகம் சிவந்தது. "பாதி நிக்குதே, கண்ணு தெரீலயா?" என்று கைப்பம்புக்குக் கை நீட்டினார். நான் கத்தினேன். அப்படிக் கத்துவேன் என்று எனக்கே தெரியாது.

"பம்பத் தொடாதீங்க! காஞ்ச செம்பு மேல பச்சத்தண்ணி பட்டா அவ்வளவுதான்!"

 டாக்டர் சுபத்ரா ஓடிவந்தார். வந்தவர் என்னைத்தான் பார்த்தார், எஞ்சினை இல்லை. பிறகு ஒவ்வொரு பிள்ளையாகத் தூக்கி இறக்க ஆரம்பித்தார். வாத்தியாரும் சேர்ந்துகொண்டார். ஏழு பேரையும் எண்ணினேன்.

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் வெள்ளிங்கிரி.

இந்த ஒரு கேள்விக்குத்தான் இரண்டு மாதமாக ஒளிந்துகொண்டிருந்தேன்.

"நான் பாய்லர் ஆபரேட்டருங்க. மொதல் கிரேடு. பதினெட்டு வருசம். பெருந்துறைல ஒரு நாள் காலைல கண்ணாடிய ஊதல. அதுக்கு மொத நாளும் ஊதல. ஊதுனேன்னு புக்குல எழுதி வெச்சேன். ஒரு பையன் வெந்துட்டான். பழியும் அவன் மேல போச்சு, நான் வாயத் தொறக்கல."

எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று தெரியாது. ஐஸ் வண்டிக்காரர் வரைக்கும் கேட்டிருக்கிறது.

வெள்ளிங்கிரி எஞ்சினைவிட்டு இறங்கினார். நான் மண்டிபோட்டு உட்கார்ந்தேன். கண்ணாடியின் நீராவிப் பக்கத்தை அடைத்து, அடிக்குழாயைத் திறந்தேன். கண்ணாடியில் இருந்த தண்ணீர் சொட்டி விழுந்தது. அதன்பின் கீழ்த்துளை வழியாக வரவேண்டியது வரவில்லை. ஒரு சொட்டு இல்லை. வெறும் கண்ணாடி.

கனலைத் தாங்குகிற தட்டுக்கு ஒரு ஊசிக்கம்பி உண்டு. அதை இழுத்தால் நெருப்பு மொத்தமும் கீழே கொட்டிவிடும். கை அதை நோக்கிப் போகவில்லை. கைக்கும் கம்பிக்கும் ஒரு சாண். ஆறுச்சாமி கதறியது காதில் கேட்டது. கேட்கக் கேட்கவே இழுத்துவிட்டேன். கனல் கொட்டியது. கையில் இரண்டு இடத்தில் கொப்புளம். எழுந்து இருபது அடி போய்ப் புல்லில் படுத்துக்கொண்டேன். அதன்பின் யார் என்ன பேசினார்கள் என்று தெரியவில்லை.

டாக்டர் சுபத்ரா காரில் கொண்டுவந்து வீட்டில் விட்டார்.  இறங்கும்போது, "கொப்புளத்த உடைக்காதீங்க" என்றார்.

ஜனவரி 13, திங்கள்

வெள்ளிங்கிரி பாய்லரைக் கழற்றிப் பார்த்திருக்கிறார். போனில் பேசினார். நெருப்பறையின் மேல்தகடு நிறம் மாறி ஓரிடத்தில் உப்பியிருக்கிறதாம். கீழ்த்துளையில் உப்பு கல் மாதிரி.

"இன்னொரு அரைச் சுத்து போயிருந்தா..." என்றார்.  மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு வைத்துவிட்டார்.

சங்கத்தின் வாட்ஸப் குழுவில் என்னைப் பற்றித்தான் பேச்சு. யாரோ வீடியோ எடுத்திருக்கிறார்கள். காப்பாற்றினார் என்று சிலர். இவ்வளவு தெரிந்தவர் போன வாரமே ஏன் அடித்துச் சொல்லவில்லை என்று வங்கி மேனேஜர். அவர் கேட்டது சரி.

ஜனவரி 15, புதன்

வீடியோ வசந்தாமணிக்கும் வந்துவிட்டது. அவள் தங்கச்சி அனுப்பியிருக்கிறாள். பொங்கலன்று பார்த்துவிட்டுச் சோறு போட்டாள். இன்று மாட்டுப்பொங்கல். பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்.

"ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் வாங்கீட்டு நான்தான போனேன். ஆறுச்சாமி சம்சாரம் செல்வநாயகி எங்கையப் புடிச்சுட்டு அழுதா. 'எங்கூட்டுக்காரரு பண்ணுன தப்புக்கு அண்ணன் பேரும் கெட்டுப் போயிருச்சுங்க அக்கா'ன்னு மன்னிப்புக் கேட்டா எங்கிட்ட. நான், பரவால்ல விடு சாமின்னு சொல்லீட்டு வந்தேன்."

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"என்னய மன்னிக்க வெச்சுட்டீங்களே."

ஜனவரி 18, சனி

அவள் பேசவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

விஜயமங்கலம் போனோம். நான் கிளம்பினபோது அவளும் செருப்பை மாட்டினாள். "உங்களுக்காக வர்ல" என்றாள். பஸ்ஸில் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். பெருந்துறைக்கு இத்தனை கிலோமீட்டர் என்று பலகை வர ஆரம்பித்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஓட்டு வீடு. ஆறுச்சாமி வாசலில் முகம் வழித்துக்கொண்டிருந்தான், இடது கையால். எடைமேடையில் லாரி நம்பர் குறிக்கிற வேலையாம். எங்களைப் பார்த்ததும் எழுந்தான். செல்வநாயகி, "வாங்க்கா, வாங்ணா" என்று பாயை விரித்தாள். வசந்தாமணி உட்காரவில்லை. நேராக அவளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நின்றபடியே சொன்னேன். ஊதவில்லை, எழுதினேன், வாயைத் திறக்கவில்லை. மூன்று வாக்கியம்தான். வேறு எதுவும் சேர்க்கக்கூடாது என்று பஸ்ஸில் முடிவு செய்திருந்தேன்.

அவன் முகத்தில் பாதி சோப்பு இருந்தது.  அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றும் நினைத்தேன்.

"நான் கேட்டனே," என்றான். "ஒம்போது மணிக்கு. தண்ணி நின்னாப்ல இருக்குதுன்னு."

"கேட்ட."

"நான்தான் எட்டு மணிக்கு ஊதாம விட்டுட்டனேன்னு பதினாறு மாசமா என்னய நானே திட்டீட்டிருந்தேன். ஆறு மணிக்கு நல்லாருந்தது, எட்டு மணிக்கு நான் ஊதியிருந்தாச் சரியாப் போயிருக்கும்னு. எம்பட கையப் பாக்கறப்பெல்லாம்."

"நீயும் ஊதல. ஆனா ஆறு மணிக்கு அது நல்லால்ல, ஆறுச்சாமி. ரெண்டு நாளாவே நல்லால்ல."

உள்ளே செல்வநாயகி அழும் சத்தம் கேட்டது. வசந்தாமணி அழும் சத்தமும்.

ஆறுச்சாமி உள்ளே போய் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் கொண்டுவந்தான். "எழுதிக் குடுங்க" என்றான். எழுதினேன். வாங்கி, நல்ல கண்ணுக்கு நேராகப் பிடித்துப் படித்தான். "நேரம் போடல. ஆறு மணின்னு போடுங்க. மொத நாளையும் சேத்துப் போடுங்க." போட்டேன். கையெழுத்து வைத்தேன். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"பாய்லர் இன்ஸ்பெக்டர் அலுவலகத்துல வந்து இதையே சொல்லோணும்."

"வர்றேன்."

"போயிட்டு வாங்கன்னு சொல்ல எனக்கு வாய் வர்ல. போங்க."

பேசிய அவ்வளவு நேரத்தில் ஒரு தடவைகூட அண்ணா என்று கூப்பிடவில்லை.

ஜனவரி 23, வியாழன்

டாக்டர் சுபத்ரா கடைக்கு வந்தார். சங்கத்தில் கூடிப் பேசியிருக்கிறார்கள். இனி எந்த எஞ்சினுக்கும் நெருப்பு வைக்குமுன் பாய்லர் தெரிந்த ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும் என்று முடிவாம். "அது நீங்கதான்னு வெள்ளிங்கிரி சொல்றார். நாலு பேர் வேண்டாம்ங்கறாங்க. நான் ரெண்டு பக்கமும் சேரல" என்றார்.

"வேண்டாமுங்க. என் கையெழுத்து வேண்டாம்."

"சரி. ரயில் மேசைக்கு வரலாம்ல?"

யோசிக்கிறேன் என்றேன்.

ஜனவரி 27, திங்கள்

பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.   அலுவலகப் படிக்கட்டில் கால் இரண்டு தடவை நின்றது.

அதிகாரி இளவயதுக்காரர். ஆறுச்சாமி கொடுத்த தாளைப் படித்தார். பழைய கோப்பை எடுத்து லாக் புக் நகலைக் காட்டி, "இது உங்க கையெழுத்தா?" என்றார். ஆமாம் என்றேன். "எழுதினது உண்மையா?" இல்லை என்றேன். என்ன ஆகும் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். என் சான்றிதழை இன்றே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். வழக்கு வரலாம், தண்டனையும் வரலாம். ஆறுச்சாமி மேல் எழுதப்பட்டதை மறுபடி விசாரிப்பார்கள். பரீட்சை விண்ணப்பத்தைத் திரும்பப் போட அவனுக்குத் தடை இருக்காது என்றார்.

"இத்தனை நாள் கழிச்சு ஏன் வந்தீங்க?"

பயத்தில்தான் சார் என்றேன். அவருக்குப் புரியவில்லை. எனக்கும் இதைவிட நன்றாகச் சொல்லத் தெரியவில்லை.

வாக்குமூலம் தட்டச்சாகி வரும்வரை வெளியே உட்காரச் சொன்னார்கள். வராந்தாவில் ஒரே ஒரு பெஞ்சு. ஆறுச்சாமி அதில் உட்கார்ந்திருந்தான், பக்கத்தில் அவன் சாப்பாட்டுப் பை. நான் சுவரோரமாக நின்றேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

உட்கார்ந்தேன்.